வானத்துக்குக் கொடுத்த பூஜ்யம்

மருத்துவமனையின் பின்சுவருக்கும் பெரிய ரோட்டுக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறது. இப்போது அங்கே மோட்டார் பைக்குகள் நிற்கின்றன. கொஞ்ச காலம் முன்பு வரை அதில் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. ஏழு பெண்கள் உட்கார்ந்து பூ கட்டினார்கள். அவர்களில் ஒருத்தி என் அக்கா. பதினாலு வருடம் அங்கே உட்கார்ந்திருந்தாள். அந்த இடத்தை அவர்களிடமிருந்து பிடுங்கியது நகராட்சி என்று ஊரில் சொல்வார்கள். நகராட்சி இல்லை. நான்தான். ஒரு கணக்கைச் சீக்கிரம் முடிப்பதற்காக ஒரு பூஜ்யம் போட்டேன், பிறகு அதை மறைக்க ஒரு பொய் சொன்னேன்.

தப்பை ஒப்புக்கொள்கிறவர்களுக்கு நம் பக்கத்தில் ஒரு தனி மரியாதை கிடைத்துவிடுகிறது. 'எவ்வளவு பெரிய மனசு' என்பார்கள். அந்த மரியாதை எனக்கு வேண்டாம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், அவ்வளவுதான்.

என் வேலையை ஊரில் யாருக்கும் புரியவைத்ததில்லை. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கிற எந்திரத்தை வைக்க ஒரு தனி அறை கட்ட வேண்டும். அந்த அறையின் சுவர் எவ்வளவு கனம் இருக்க வேண்டும், கதவு எந்தப் பக்கம் வர வேண்டும், கூரைக்கு எத்தனை அடி கான்கிரீட் என்று கணக்குப் பார்த்துச் சொல்வது என் வேலை. கதிர் நோயாளியின் மேல் பட வேண்டும், வெளியே இருக்கிறவர்கள் மேல் படக் கூடாது. கம்பெனி சென்னையில். வேலை வீட்டிலிருந்தே என்று ஆனதிலிருந்து சங்கரன்கோவிலில் அக்கா வீட்டு மாடி அறையில் லேப்டாப்போடு இருக்கிறேன். யாராவது கேட்டால் அக்கா, "கம்ப்யூட்டர்ல ஆஸ்பத்திரிக்குச் சொவரு வைக்கா" என்பாள். அது ஒன்றும் தப்பான விளக்கம் இல்லை.

சுவரைத் தாண்டி எவ்வளவு கதிர் வரும் என்பதை ஒரே சூத்திரத்தில் போட்டு எடுத்துவிட முடியாது. எந்திரத்திலிருந்து புறப்படுகிற ஒவ்வொரு துகளும் எங்கே முட்டும், முட்டினால் எந்தப் பக்கம் திரும்பும், எங்கே அடங்கும் என்பது அந்தந்த நேரத்து அதிர்ஷ்டம். ஆகவே கம்ப்யூட்டரைத் தாயம் உருட்டச் சொல்கிறோம். ஒரு துகளைப் பிறக்கவைத்து, ஒவ்வொரு திருப்பத்திலும் தாயம் உருட்டி, அது சாகும்வரை அதன் பின்னாலேயே போகிறோம். பிறகு அடுத்த துகள். இப்படிக் கோடிக்கணக்கில் போனால், மொத்தக் கதிரும் எப்படிப் போகும் என்று ஓரளவு தெரிந்துவிடும்.

ஒரு நாள் லேப்டாப்பின் விசிறி பக்கத்துத் தெரு விசைத்தறிக்குப் போட்டியாக இரைந்துகொண்டிருந்தபோது அக்கா மாடிக்கு வந்தாள். என்னட்டி இந்தக் கத்து கத்துது என்று கேட்டாள். சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, "ஓகோ, மூடையில கை விட்டுப் பாக்கது மாதிரி" என்றாள்.

பூ மார்க்கெட்டில் பிச்சிப் பூ மூட்டையைக் கொட்டிப் பார்க்க யாரும் விடமாட்டார்கள். கையை உள்ளே விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்துத்தான் மொக்கு நல்லதா, நேற்றைய பூ கலந்திருக்கிறதா என்று சொல்ல வேண்டும்.

"அதேதான்க்கா" என்றேன்.

"மேலாக்க அள்ளக் கூடாது, கேட்டியா. நல்ல மொக்க மேல போட்டுத்தான் கொண்டாருவாங்க. அடி வரைக்கும் கை போகணும். கை நோவுதுன்னு மேலயே அள்ளிட்டு வந்தா அன்னைக்குப் பூரா பழம்பூவத்தான் கட்டணும்."

"நீ எனக்குப் பாடம் எடுக்காண்டாம். கீழ தோசை கருகுது, போ."

சிரித்துக்கொண்டே இறங்கிப் போனாள். நான் அவளிடம் எப்போதும் அப்படித்தான் பேசுவேன். அவள் பத்தாம் வகுப்போடு நின்றாள், நான் நிற்கவில்லை. அவள் நின்றதால்தான் நான் நிற்கவில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அதைப் பற்றி மட்டும் பேச மாட்டோம்.

கனமான கான்கிரீட்டைத் தாண்டி வெளியே வருகிற துகள்கள் மிகமிகக் குறைவு. அந்தச் சிலதுக்காகச் சும்மா உருட்டிக்கொண்டே இருந்தால் கணக்கு முடிய மாதக் கணக்காகும். அதற்குச் சில தந்திரங்கள் உண்டு. அறையையும் சுவரையும் சுற்றுப்புறத்தையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் அது எவ்வளவு முக்கியம் என்று ஓர் எண் கொடுப்போம். துகள் முக்கியமான கட்டத்துக்குள் நுழைந்தால் அதை இரண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் பாதி எடை கொடுத்து நடக்கவிடுவோம். முக்கியமில்லாத பக்கம் போனால் காசைச் சுண்டிவிடுவோம். பாதித் துகள்கள் அங்கேயே செத்துவிடும். பிழைத்தவை செத்தவற்றின் எடையையும் சேர்த்துச் சுமந்துகொண்டு மேலே நடக்கும். மொத்தத்தில் எதுவும் குறைவதில்லை. தந்திரம்தான், ஆனால் அதில் பொய் கிடையாது.

ஒரு கட்டத்துக்குப் பூஜ்யம் கொடுத்தால் கதை வேறு. அங்கே காசு சுண்டுவதும் இல்லை, பிழைப்பதும் இல்லை. நுழைந்த துகள் தன் எடையோடு அப்படியே காணாமல்போகும். ஆகவே, அங்கே போனது திரும்பி வராது, வந்தாலும் வருகிற இடத்தில் ஆள் கிடையாது என்று உறுதியாகத் தெரிந்த இடத்துக்கு மட்டும்தான் பூஜ்யம் போட வேண்டும். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே படிக்கிற பாடம் இது. எனக்கும் தெரியும்.

எங்கள் ஊர் மருத்துவமனை ஒன்று அந்த எந்திரத்தை வைக்கப்போகிறது, கணக்கு எங்கள் கம்பெனிக்கு வந்திருக்கிறது என்று தெரிந்தபோது நான் தரையில் கால் பாவாமல் நடந்தேன். குருவிகுளம் பக்கத்துச் சனங்கள் கதிர் வைத்தியத்துக்குத் தினமும் திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போய்வர முடியாமல் பாதியில் விட்டதைப் பார்த்திருக்கிறேன். இனி இங்கேயே நடக்கும், அந்த அறைக்குக் கணக்கு என்னுடையது என்று அக்காவிடம் சொன்னேன். அவள் கொட்டகை முழுக்கச் சொல்லிவிட்டாள்.

மருத்துவமனைக்காரர்களுக்கு ஓர் ஆசை இருந்தது. கூரைமேல் யாரும் ஏறப்போவதில்லை, ஆகவே கூரையை மட்டும் கொஞ்சம் கனம் குறைத்துக் கட்டலாமா என்று கேட்டார்கள். கட்டலாம், ஆனால் ஒரு சிக்கல். மெல்லிய கூரை வழியாக மேலே போகிற கதிர் காற்றில் முட்டி, அதில் கொஞ்சம் சுற்றியுள்ள தரையில் தூறல் மாதிரி இறங்கும். சுவரை ஒட்டி நிற்கிறவர்களுக்குச் சுவரே மறைப்பு. சற்றுத் தள்ளி இருப்பவர்கள்மேல்தான் அது அதிகம் விழும்.

அந்தத் தூறலைக் கணக்கிடுவது இருப்பதிலேயே மெதுவான வேலை. மேலே போகிற துகள்களில் ஏறக்குறைய எல்லாமே வானத்தில் தொலைந்துவிடும். திரும்பி வருகிற ஒன்றிரண்டுக்காகக் கம்ப்யூட்டர் அத்தனையின் பின்னாலும் அலைய வேண்டும். கம்பெனியின் பெரிய கம்ப்யூட்டர் வேறொரு வேலையில் மாட்டிக்கொண்டிருந்தது. என் லேப்டாப்பில் ஒன்பது நாள் ஆகும் என்று தெரிந்தது. ரிப்போர்ட்டை நான்கு நாளில் கேட்டிருந்தார்கள்.

வீடியோ கூட்டத்தில் எங்கள் குழுத் தலைவர் வரைபடத்தைத் திரையில் போட்டார். அவரை எல்லோரும் சார் என்றுதான் கூப்பிடுவோம். கண்டிப்பானவர், நியாயமானவர். வரைபடம் மருத்துவமனையின் பொறியாளர் அனுப்பியது. பின்சுவருக்குப் பின்னால் 'சந்து' என்று மட்டும் எழுதியிருந்தது. கொட்டகை அதில் இல்லை.

"நீங்க அந்த ஊர்தானே? இந்தச் சுவருக்குப் பின்னாடி யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார் சார்.

திரையில் ஆறு முகங்கள். என் வீட்டில் என்ன செய்கிறார்கள் என்று அவர்கள் முன்பு ஒருமுறை கேட்டபோது 'பூ பிசினஸ்' என்று சொல்லியிருந்தேன். அவர்கள் பெரிய கடை என்று நினைத்துக்கொண்டார்கள். கல்யாண மண்டபத்துக்கெல்லாம் அலங்காரம் பண்ணுவீர்களா என்று ஒருத்தி கேட்டாள். தலையை ஆட்டிவைத்தேன். அன்று காலையில்தான் அந்தக் கொட்டகைக்குப் போய், ஈரச் சாக்கின்மேல் சம்மணம் போட்டிருந்த அக்காவிடம் வீட்டுச் சாவி வாங்கிக்கொண்டு வந்திருந்தேன்.

"இல்ல சார். வெறும் சந்துதான். யாராவது நடந்து போவாங்க."

"உட்கார மாட்டாங்கல்ல?"

"இல்ல சார்."

"அப்போ மேலே வானத்தைக் கட் பண்ணிடுங்க. சீக்கிரம் முடிஞ்சிடும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுத்தான் சொன்னார். கொட்டகை இருக்கிறது என்று சொன்னால் கணக்குக்கு ஒன்பது நாள் ஆகும், அதனால் சொல்லவில்லை என்று பல நாள் எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். ஏழு பெண்கள் அங்கே பூ கட்டுகிறார்கள் என்று சொன்னால், அவ்வளவு சரியாக உனக்கு எப்படித் தெரியும் என்று அந்த ஆறு பேரில் ஒருவர் கேட்பார் என்று பயந்தேன். மீதிப் பாதி அது.

கூரைக்கு மேலிருந்த கட்டத்துக்குப் பூஜ்யம் போட்டேன். மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குள் கணக்கு முடிந்துவிட்டது. சந்தில் கதிர் இல்லை என்றே சொல்லலாம் என்று வந்தது. பிழை ஒரு சதவிகிதத்துக்கும் கீழே என்று வேறு காட்டியது. அந்தப் பிழை, தாயம் உருட்டியதில் உள்ள தடுமாற்றத்தை மட்டும்தான் சொல்லும். நான் எதைக் கழித்துக்கட்டினேன் என்பது அதற்குத் தெரியாது. சார் பாராட்டிச் செய்தி அனுப்பினார். அன்று சாயங்காலம் அக்கா பிச்சியும் கனகாம்பரமும் சேர்த்து எனக்கென்று தனியாகக் கட்டிக் கொண்டுவந்தாள். வைத்துக்கொண்டேன்.

அறை கட்டி முடிக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. எந்திரம் வந்தது. நோயாளிகளை அனுமதிக்கும் முன்பு அதைச் சோதனைக்கு ஓட்டி, சுற்றிலும் மீட்டர் வைத்து அளக்க வேண்டும். ஊர்க்காரி என்பதால் அந்த வேலையும் என்னிடமே வந்தது. வராந்தாவில் அளந்தேன், சரியாக இருந்தது. காத்திருப்பு அறையும் சரி. பிறகு சந்துக்கு வந்தேன். சுவரை ஒட்டி ஒன்றுமில்லை. சில எட்டு வைத்தேன், எண் ஏறியது. இன்னும் நடந்தேன், இன்னும் ஏறியது.

கொட்டகையில் ஏழு பேரும் இருந்தார்கள். ஆடித் தபசுத் திருவிழாவுக்குச் சில வாரங்களே இருந்ததால் மடி நிறைய வேலை. அக்கா ரோட்டுப் பக்கம் கடைசியில் இருந்து குரல் கொடுத்தாள்.

"என்னட்டி கையில, புது போனா?"

"கதிர் அளக்கிற மீட்டர்க்கா."

"எந் தங்கச்சிதான் இந்த ஆஸ்பத்திரிக்குக் கணக்குப் போட்டா" என்றாள் மற்றவர்களிடம், நூறாவது தடவையாக.

அவர்களில் மூத்தவரை எல்லோரும் மயினி என்போம். அவர் நாரைப் பல்லில் கடித்துக்கொண்டே, "எங்களுக்கும் அளந்து சொல்லும்மா. இந்தக் கூட்டத்துல யாருக்குச் சூடு கூடன்னு பாப்பம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மீட்டரை அவர்கள் கண்ணில் படாமல் திருப்பிப் பிடித்துக்கொண்டு அக்காவின் பக்கத்தில் போய் நின்றேன். மற்ற எந்த இடத்தையும்விட அங்கேதான் எண் அதிகம்.

பயப்படும்படியான அளவு இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். சோதனை ஓட்டிய நேரத்தில் அவர்கள்மேல் பட்டது, நெஞ்சுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்தால் படுவதில் ஒரு துளிகூட இராது. ஆனால் எந்திரம் தினமும் ஓடும், அவர்கள் தினமும் உட்காருவார்கள். ஒரு வருடத்துக்குச் சேர்த்தால் பொதுமக்களுக்கு அனுமதித்த அளவைத் தாண்டிவிடும். உள்ளே இருந்த எஞ்சினியருக்குப் போன் போட்டு எந்திரத்தை நிறுத்தச் சொன்னேன். அன்று நான் ஒழுங்காகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

சாருக்குப் போன் செய்தேன்.

"எப்படி? உங்க கணக்குல அங்க ஒண்ணுமே இல்லையே" என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சந்தின் முனையில் நின்றிருந்தேன், பத்தடி தள்ளி அக்கா பூவுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"இங்க புதுசா ஒரு ஷெட் போட்டிருக்காங்க சார். பூ கட்டுறவங்க. நம்ம கணக்குப் போட்டப்ப இல்ல."

"ஓ. அப்போ உங்க மேல தப்பில்ல. ரெண்டு வழி இருக்கு. கூரை மேல இன்னும் கான்கிரீட் போடணும், இல்லன்னா அங்க யாரும் உட்காரக் கூடாது. ரெண்டையும் எழுதிக் குடுத்துடுங்க."

எழுதிக்கொடுத்தேன். 'அண்மையில் அமைக்கப்பட்ட கொட்டகை' என்று எழுதினேன். மருத்துவமனைக்காரர்கள் எந்த வழியைப் பிடிப்பார்கள் என்று ஊகிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. இடம் புறம்போக்கு. நகராட்சியில் சொன்னார்கள். தபசுக்குப் பத்து நாள் முன்னால் கொட்டகையின் தகரத்தில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள்.

மற்ற பெண்கள் சண்டைக்குக் கிளம்பினார்கள். மயினி வார்டு கவுன்சிலர் வீட்டுக்கு ஆள் திரட்டினார். திருவிழா முடியும்வரையாவது விட்டுவைத்திருப்பார்கள், சந்தேகமில்லை. அவர்களைத் தடுத்தது அக்கா.

"எந் தங்கச்சி அளந்து பாத்திருக்கா. அங்கன இருந்தா ஒடம்புக்கு ஆகாதுங்கா. நம்ம நல்லதுக்குத்தான சொல்லுதா? புள்ளத்தாச்சி ரெண்டு பேரு இருக்கீக. பேசாம எந்திரிச்சிருவோம்."

எழுந்துவிட்டார்கள். என் பேச்சை நம்பி, ஒரு சத்தம் இல்லாமல் சாக்கையும் கூடையையும் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். மறுநாள் தகரத்தைப் பிரித்து லாரியில் ஏற்றினார்கள். நான்கு பேர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே குடையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தார்கள். இரண்டு பேர் வீட்டோடு இருந்துவிட்டார்கள். மயினி அந்தத் தபசுக்கு ஒரு முழம்கூடக் கட்டவில்லை என்று அக்கா சொன்னாள். குடையோடு உட்கார்ந்த நான்கு பேரில் அக்காவும் ஒருத்தி. மத்தியானத்துக்குள் மொக்கு வாடிப்போகிறது என்று சாக்கை நனைத்து நனைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த வழியாகப் போக வேண்டியிருந்தால் நான் சுற்றிக்கொண்டு போனேன்.

ஒரு நாள் மாலை அக்கா முந்தானையில் முடிந்திருந்த ஒரு காகிதத்தை எடுத்து என் மேசைமேல் பிரித்துவைத்தாள். தகரத்திலிருந்து பிய்த்துவந்த நோட்டீஸ்.

"இதுல 'அண்மையில் அமைக்கப்பட்ட'ன்னு போட்டிருக்கு. பதினாலு வருசம் எப்படிட்டி அண்மை ஆகும்? மயினி கேக்கா, எனக்குப் பதில் சொல்லத் தெரியல. நகராட்சில எவனோ விசாரிக்காம எழுதிட்டான். நீ போயி சொன்னா மாத்துவாங்கல்லா?"

அவளுக்கு என்மேல் ஒரு சந்தேகமும் இல்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை. நோட்டீஸைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"அது நான் எழுதினதுக்கா."

வானத்துக்குப் பூஜ்யம் போட்டதையும், சார் கேட்ட கேள்வியையும், போனில் சொன்ன பொய்யையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் நின்றபடியே கேட்டாள். இடையில் ஒரே ஒரு தடவைதான் பேசினாள்.

"யாராவது இருக்காங்களான்னு ஒங்கிட்டக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"நீ இல்லன்னுட்ட."

"ஆமாக்கா."

காகிதத்தை மடித்து மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டாள். "சரி, சாப்புட வா. கொழம்பு ஆறுது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அன்றும் அதற்குப் பிறகும் அவள் என்னைத் திட்டவில்லை. வழக்கம்போல எனக்குப் பிடித்த துண்டாகப் பார்த்து மீன் வைத்தாள். அவள் பரிமாறுகிற கையைப் பார்க்கவே எனக்குக் கூசியது. நன்றாக நாலு வார்த்தை கேட்டிருந்தால் நான் அழுது தீர்த்திருப்பேன். அந்த வசதியை அவள் எனக்குக் கொடுக்கவில்லை.

மறுநாள் சாருக்கு ஒரு மெயில் எழுதினேன். ஐந்து வரி. ஒரு பகல் முழுக்க ஆனது. கணக்குப் போட்டபோதே கொட்டகை இருந்தது, எனக்குத் தெரியும், கேட்டபோது மறைத்தேன், பிறகு புதிது என்று பொய் சொன்னேன், பழைய ரிப்போர்ட்டைத் திரும்பப் பெற வேண்டும். அக்காவைப் பற்றி அந்த மெயிலிலும் எழுதவில்லை. அதற்கு எனக்குக் கை வரவில்லை.

சார் கூப்பிட்டார். ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டார். பதில் சொல்லாமல் இருந்தேன். அவர் மேலே கேட்கவில்லை.

"மறுபடி போடுங்க. வானத்தோட. எத்தனை நாள் ஆனாலும் பரவாயில்ல. யார் யார் எங்க உட்கார்ந்தாங்கன்னு எனக்குத் துல்லியமா வேணும். கூரைக்கு இன்னும் எவ்வளவு கனம் போட்டா அவங்க திரும்ப வந்து உட்காரலாம்னு அதை வெச்சுத்தான் சொல்ல முடியும்."

சந்தின் வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்து, பென்சிலோடு அக்காவின் முன்னால் வைத்தேன். பூ கட்டிக்கொண்டிருந்தவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, இதுதான் சொவரா, இது ரோடா என்று கேட்டுவிட்டுப் புள்ளி வைக்க ஆரம்பித்தாள்.

"இது மயினி. சொவத்துல சாஞ்சாத்தான் அவளுக்கு நடு முதுகு நோவாது. அடுத்து புள்ளத்தாச்சி ரெண்டு பேரும். அங்கனதான் காத்து வரும்னு விட்டுக்குடுத்தோம்." இப்படி ஒவ்வொருவராக ஆறு புள்ளிகள். பிறகு பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

"நீ?"

பென்சிலை எடுத்து, மற்றவர்களை விட்டுத் தள்ளி, சந்து ரோட்டில் சேர்கிற இடத்தில் ஏழாவது புள்ளியை வைத்தாள். அவள் கடைசியில்தான் உட்காருவாள் என்று எனக்குத் தெரியும். ஏன் என்று பதினாலு வருடத்தில் ஒருநாளும் கேட்டதில்லை.

"அங்க தகரம் பாதிதான இருக்கும். வெயில் அடிக்குமே."

"அடிக்கும்."

"பெறகு எதுக்கு அங்க போயி உக்காந்த?"

"நீ காலேஜ் படிக்கையில சனிக்கெழமச் சனிக்கெழம திருநவேலி பஸ்ஸுல வருவல்லா. அங்கன இருந்தாத்தான் பஸ்ஸுல இருந்து எறங்குதவங்க மொகம் தெரியும்."

சந்து முனைக்கு எதிரே இருந்த அந்த நிறுத்தத்தில் நான் இறங்கியதே இல்லை. கூடப் படித்த பெண்கள் இரண்டு பேர் அதே பஸ்ஸில் வருவார்கள். அக்கா எழுந்து நின்று ஏட்டி என்று கூப்பிட்டுவிடுவாள் என்று, முந்தைய நிறுத்தத்திலேயே இறங்கித் தெருவைச் சுற்றி வீட்டுக்கு நடப்பேன். மூன்று வருடம் அப்படி நடந்தேன்.

"நீ முந்துன ஸ்டாப்புலயே எறங்கிருவ. அதுவும் தெரியும்" என்றாள் அக்கா. பூவை எடுத்து மறுபடி கட்டத் தொடங்கியிருந்தாள்.

"தெரிஞ்சுமாக்கா அங்க இருந்த?"

"ஒருநா இல்லாட்டியும் ஒருநா மறந்து அங்கன எறங்கிருவன்னு பாத்தேன். பெறகு அதே எடம் பழகிப்போச்சு."

கணக்கு ஒன்பது நாள் ஓடியது. கூரைக்கு மேலே முழு வானத்தையும் வைத்தேன். ஒவ்வொரு துகளும் மேலே போய், முட்டி, திரும்பி, பெரும்பாலும் தொலைந்தது. நடுவில் பல தடவை கரண்ட் போனது. ஒரு மத்தியானம் தண்ணீர் எடுக்கக் கீழே போனபோது அக்கா மின்விசிறியை நிறுத்திவிட்டு, பழைய நோட்டு அட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாடிக்கு இன்வெர்ட்டர் தாங்கட்டும் என்றாள். ஒன்பது நாளும் அப்படித்தான் இருந்திருக்கிறாள் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

பிற்பாடு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கூரையின்மேல் கான்கிரீட் கூட்டினார்கள். மறுபடி அளந்தேன், சந்தில் யார் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் இப்போது ஒன்றும் ஆகாது. வைத்தியமும் நடக்கிறது. ஆனால் காலியான இடம் காலியாக இருக்குமா? பைக் நிறுத்த ஆரம்பித்திருந்தார்கள். கொட்டகையைத் திரும்பக் கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். அதில் 'பதினான்கு ஆண்டுகளாக' என்று எழுதியவள் நான். அக்கா இன்னும் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரேதான், குடையின் கீழ். நான் இப்போது சுற்றிக்கொண்டு போவதில்லை. அவள் பக்கத்தில் நிற்கிறேன். அது தாமதமான காரியம் என்பது அவளுக்கும் தெரியும்.

ஒன்பதாம் நாள் வந்த எண்கள் மீட்டர் காட்டியவற்றோடு ஒட்டி நின்றன. அன்று மாலையே வீடியோ கூட்டம். அதே ஆறு முகங்கள். சார் என் வரைபடத்தைத் திரையில் போட்டார். அக்கா வைத்த ஏழு புள்ளிகளும் அதில் இருந்தன.

"இந்த ஏழாவது பாயிண்ட்தான் பிரச்சினை" என்றார் சார். "கூரையோட கனத்தையே அதுதான் முடிவு பண்ணுது. அதை எடுத்துட்டா இப்போ கேக்குறதுல பாதி கான்கிரீட் போதும். ஆஸ்பத்திரியில கண்டிப்பா கேப்பாங்க. அங்க நிஜமாவே தினமும் ஒருத்தர் உட்கார்ந்தாங்களா?"

"உட்கார்ந்தாங்க சார். பதினாலு வருசம்."

"அவ்வளவு உறுதியா எப்படிச் சொல்றீங்க?"

"எங்க அக்கா சார் அது. அந்த ஷெட்டுல பூ கட்டினவங்க. என்னைப் படிக்கவெச்சது அந்தப் பூதான்."

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை காலம் எந்தக் கேள்விக்குப் பயந்தேனோ, அந்தக் கேள்விதான் வந்து போனது. யாரும் சிரிக்கவில்லை, யாரும் ஆச்சரியப்படவும் இல்லை. ஒருத்தி கொட்டாவியை அடக்கிக்கொண்டாள். சார் 'சரி' என்று ஏழாவது புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்.